கடவுச்சொல்லும் கணக்கும்: வடசென்னைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு கலைச்சொல் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பெருநிறுவனங்களின் கணினி அமைப்புகளில் எல்லாப் பூட்டுகளையும் திறக்கவல்ல சில கணக்குகள் உள்ளன. அவை தமிழில் ‘சிறப்புரிமைக் கணக்கு’ எனவும், அவற்றைத் திறக்கும் சொல் ‘கடவுச்சொல்’ எனவும் வழங்கப்பெறுகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதியைக் களமாகக் கொண்டு, இச்சொற்கள் உணர்த்தும் பொருளுக்கும் அக்கணக்குகள் இயங்கும் முறைக்கும் உள்ள இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘உரிமை’ என்னும் சொல் இவ்விடத்துப் பொருந்தாது என்பதும், ‘கணக்கு’ என்னும் சொல்லின் பழம்பொருளே பாதுகாப்பின் மையக் கருத்தைத் தாங்கி நிற்கிறது என்பதும் இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: கடவுச்சொல், சிறப்புரிமை, பொறுப்பதிகாரம், கணக்கு, முத்திரை, துறைமுகம்

1. களம்

இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகம், எண்ணூரில் 2001இல் செயற்பாட்டுக்கு வந்து 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் அமைந்த தனியார் துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றைச் சூழ மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையங்களும், திருவொற்றியூரின் பழைய பொறியியல் தொழிற்சாலைகளும் உள்ளன. சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் 1983இல் தொடங்கப்பெற்றது. அன்று கிரேன் இயக்குநரின் கண்ணும் எழுத்தரின் பேரேடும் செய்த வேலையை இன்று மென்பொருள் செய்கிறது.

ஒரு பெட்டகம் கப்பலிலிருந்து இறங்கி வாயிலைக் கடக்க வேண்டுமெனில் சுங்கத்துறையின் மின்னணுப் பதிவு, கப்பல் முகவரின் விடுவிப்பு ஆணை, முனையத்தின் இயக்க மென்பொருள், வாயிற்பதிவு ஆகிய நான்கும் ஒத்துச் சொல்ல வேண்டும். ஒன்று ஊமையானாலும் லாரி நிற்கும். கண்டெய்னர் லாரிகள் காசிமேட்டைத் தாண்டித் திருவொற்றியூர் வரை வரிசைகட்டி நிற்கும் காட்சி வடசென்னை மக்களுக்குப் புதிதன்று. நடைக் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநருக்கு அவ்வரிசையில் கழியும் ஒவ்வொரு நாளும் இழப்பே. ஆதலின், முனையத்தின் கணினியை யார் திறக்கலாம் என்னும் வினா கணினித் துறையின் உள்விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவரின் வயிற்றையும் அது தொடுகிறது.

2. முத்திரையும் அதை ஏந்திய கையும்

துறைமுகத்தில் கடவு அதிகாரம் பற்றிய செய்தி தமிழுக்குப் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தைக் காட்டுமிடத்து, கடலிலிருந்து இறங்கும் பொருளும் நிலத்திலிருந்து ஏறும் பொருளும் புலிப்பொறி இடப்பெற்ற பின்னரே வெளியேறுவதைக் கூறுகிறது. இப்பகுதி பெரும்பாலும் சோழர் வணிகவளத்திற்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அது கட்டுப்பாட்டு முறைக்கும் சான்றாகும். பொருளின் மேல் விழும் குறி அரசனுடையது. அக்குறியைப் பொறிக்கும் கருவி அலுவலரின் கையில் உள்ளது. அரசன் ஒவ்வொரு மூட்டையையும் காண்பதில்லை. எனவே காவலின் உண்மையான இடம், பொறியின் வடிவத்திலன்றிப் பொறிக்கும் கருவி யாரிடம், எப்பொழுது இருக்கிறது என்பதில் உள்ளது.

சிலப்பதிகாரம் இதே நகரைப் பற்றி மற்றொரு படிமத்தைத் தருகிறது. இந்திரவிழவூரெடுத்த காதை கூறும் வெள்ளிடை மன்றத்தில் பெயரும் குறியும் இட்ட பொதிகள் வாயிலும் தாழும் காவலரும் இன்றிக் கிடக்கின்றன. திருட முயல்பவன் சுமையைத் தலையில் ஏற்றியபடி சுழல்வானேயன்றிக் கொண்டு செல்ல இயலாது. தெய்வத்தின் ஆற்றலாகச் சொல்லப்பட்ட இது, பூட்டை நம்பாமல் செயலைக் கண்டறிவதை நம்பும் ஒரு காவல்முறையின் கற்பனை வடிவம். அதே காப்பியத்தின் மதுரைக் காண்டத்தில் தெய்வக் காவல் இல்லை; அரண்மனைப் பொற்கொல்லன் இருக்கிறான். அரசியின் சிலம்பைத் தொடும் வாய்ப்பு உடையவன் அவனே. அதைக் களவாடியவனும் அவனே. அவன் சொல்லைச் சரிபார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. உள்ளிருப்போரின் அதிகார முறைகேட்டுக்குத் தமிழிலக்கியத்தில் இதனினும் கூர்மையான சான்று கிடைப்பது அரிது.

இன்று புலிப்பொறியின் இடத்தில் எண்ணிட்ட முத்திரைகள் உள்ளன. ஏற்றுமதியாளர் தம் பெட்டகத்தைத் தாமே முத்திரையிட்டு அனுப்பும் முறைக்கு 2017இல் ஆர்.எஃப்.ஐ.டி. மின்னணு முத்திரையை இந்தியச் சுங்கத்துறை கொண்டுவந்தது. முத்திரை இரும்பிலிருந்து எண்ணுக்கு மாறிய பின், களவும் அவ்வழியே மாறுகிறது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் போதைப்பொருள் கடத்துவோர் கணினி ஊடுருவலாளரை அமர்த்தி, பெட்டகம் இருக்கும் இடத்தையும் அதனை விடுவிக்கும் விவரங்களையும் பெற்று, உரியவர் வருமுன் தம் ஓட்டுநரை அனுப்பிப் பெட்டகத்தையே எடுத்துச் சென்றது 2013இல் வெளிப்பட்டது. பெட்டக விடுவிப்பு எண்களைக் கைப்பற்றும் இம்முறை ஐரோப்பியத் துறைமுகங்களில் தொடர்வதை யூரோபோல் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையிலும் சுட்டியது. அங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. முறையான எண், முறையற்ற கைக்குப் போனது.

3. கடவுச்சொல்

‘கடவு’ என்பது வழி, கடக்கும் இடம் எனப் பொருள்படும். இலங்கைத் தமிழில் புகையிரதக் கடவை, மஞ்சள் கடவை என இன்றும் அன்றாட வழக்கில் அது வாழ்கிறது. கடவுச்சீட்டு என்னும் ஆட்சியை ஒட்டிக் கடவுச்சொல் அமைந்தது. பேச்சில் ‘பாஸ்வேர்டு’ நிலைத்தாலும் எழுத்தில் இது வேரூன்றிவிட்டது. நல்ல ஆக்கமே. ஆயினும் ‘சொல்’ என்னும் ஈறு பாதுகாப்பின் முழுச் சுமையையும் சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறது. சொல் கடினமாக இருந்தால் காவல் உறுதி என்னும் எண்ணம் அதிலிருந்து பிறக்கிறது.

கணினிக் கடவுச்சொல்லின் தொடக்க வரலாறே இதை மறுக்கிறது. 1960களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் காலப்பகிர்வுக் கணினியில் இரு மேலாளர்கள் ஒரே வேளையில் ஒரே திருத்தியைப் பயன்படுத்தியபோது தற்காலிகக் கோப்புகள் இடம்மாறின. அன்றைய வரவேற்புச் செய்தி தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாப் பயனரின் கடவுச்சொற்களும் திரையில் தோன்றின. எவருடைய சொல்லும் எளிமையானது என்பதால் இது நிகழவில்லை. எல்லாச் சொற்களையும் காணவல்ல கணக்கு ஒன்று இருந்தது. அதனை இருவர் ஒருசேரக் கையாண்டனர்.

பயனர்கள் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீரவேண்டும் என்னும் பழைய விதியை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2017இல் கைவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர் ஓர் இலக்கத்தைக் கூட்டிப் பழைய சொல்லையே வைத்துக்கொள்கின்றனர் என்பது கண்டறியப்பட்டதே காரணம். ஆனால் இத்தளர்வைத் தலைமைக் கணக்குகளுக்கு அப்படியே நீட்டுவது பிழை. அங்கே சொல்லை மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையே இருத்தலாகாது. மென்பொருட் பெட்டகம் ஒன்று அச்சொல்லைக் காத்து, பணி வரும்போது உரியவருக்கு ஒருமுறை தந்து, பணி முடிந்ததும் தானே மாற்றிவிடுகிறது. (வடசென்னையில் ‘பெட்டகம்’ என்றால் நாற்பதடி இரும்புப் பெட்டியே முதலில் நினைவுக்கு வரும். இரண்டிலும் உள்ளிருப்பது காணாமற்போவதே அச்சம் என்பதால் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.)

4. சிறப்புரிமை என்னும் சிக்கல்

அடுத்த சொல்லே இக்கட்டுரையின் முதன்மை வழக்கு. ஆங்கிலத்தில் ‘பிரிவிலேஜ்’ எனப்படுவதற்குத் தமிழில் ‘சிறப்புரிமை’ நிலைபெற்றுள்ளது. இச்சொல் சட்டமன்ற வழக்கிலிருந்து வந்தது. உறுப்பினரின் சிறப்புரிமை என்பது அவருடைய பதவியோடு ஒட்டிய காப்பு. அதை மீறுவது உரிமை மீறல். அதாவது, உரியவருக்குச் சார்பாகப் பிறரைத் தடுக்கும் சொல் அது. கணினியில் நிலை நேர்மாறானது. அங்கே இது ஒரு பணிக்காக ஒப்படைக்கப்பட்ட ஆற்றல். கட்டுப்படுத்தப்பட வேண்டியவர் அதைப் பெற்றவரே. ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு நிரலும் தத்தம் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டும் இயங்க வேண்டும் என்னும் நெறியைச் சால்ட்சர், சுரோடர் ஆகிய இருவரும் 1975இல் வகுத்தனர். ‘உரிமை’யைக் குறைத்தல் என்றால் ஒருவரிடமிருந்து பறித்தல் என்றே தமிழ்ச்செவியில் விழும். ஒரு பொறியாளரிடமிருந்து தலைமைக் கணக்கைத் திரும்பப் பெறும்போது அவர் அதனைத் தாழ்த்துதலாகக் கொள்வதில் சொல்லுக்கும் பங்குண்டு.

இவ்விடத்துப் ‘பொறுப்பதிகாரக் கணக்கு’ என்னும் ஆக்கம் முன்மொழியப்படுகிறது. ‘பொறுப்பு அதிகாரி’ என அலுவலகத் தமிழில் வழங்குவது இடைக்காலத்திற்கு, ஒரு வேலைக்காக, மேலிருப்பவருக்கு விடைசொல்லும் நிலையில் அமர்ந்தவரையே. அந்த மூன்று கூறுகளும் இங்குத் தேவை. ‘பேரதிகாரக் கணக்கு’ என்பதும் எண்ணத்தக்கதே. ஆயின் அது ஆற்றலைப் பெரிதுபடுத்திக் கடமையை மறைக்கிறது.

‘நிர்வாகி’ என்னும் சொல் தனிக் குழப்பம். அலுவலகப் பணியும் நிர்வாகம். கணினி அமைப்பை ஆள்வதும் நிர்வாகம். கூடங்குளம் நிகழ்வில் இம்மயக்கம் எளிய விலையில் முடியவில்லை. தீநிரல் பற்றிய செய்தி பரவியபோது 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் அதனை மறுத்தது. மறுநாள் அணுமின் கழகம் அதனை உறுதிசெய்தது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்ததும், பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த அலுவலகப் பணி வலையமைப்பிலிருந்த ஒரு பயனரின் கணினி என்பதும், உலையை இயக்கும் உள்வலையமைப்பு அதனினின்று தனித்தது என்பதும் அவ்வறிக்கையால் தெரியவந்தன. ‘நிர்வாக வலையமைப்பில் ஊடுருவல்’ எனத் தமிழில் எழுதினால், அது கோப்புகள் இருக்கும் அலுவலகத்தைக் குறிக்கிறதா, அமைப்பையே ஆளும் தலைமைக் கணக்கைக் குறிக்கிறதா? முதலாவது கவலைக்குரியது, இரண்டாவது பேரிடர். இவ்வேறுபாட்டை ஒரு சொல்லில் காட்ட இயலாத மொழிவழக்கு, அனல்மின் நிலையங்களின் நிழலில் வாழும் எண்ணூர் வாசகருக்கு உண்மை நிலையை அறிவிக்க உதவாது. முன்னதை ‘அலுவலக வலையமைப்பு’ எனவும் பின்னதை ‘அமைப்பாள் கணக்கு’ எனவும் பிரித்தல் தகும்.

5. 2017 ஜூன் 27

சொல்லைவிடக் கணக்கே இலக்கு என்பதை உலகத் துறைமுகங்கள் அறிந்த நாள் இது. ‘நாட்பெட்யா’ எனப் பெயர்பெற்ற தீநிரல் உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்னும் கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியே நுழைந்தது. அதன் பரவல் முறை இங்கு நோக்கத்தக்கது. அமைப்பாள் ஒருவர் ஒரு கணினியில் நுழைந்து பணிசெய்தால், அவருடைய நுழைவுச் சான்று அக்கணினியின் நினைவகத்தில் தங்கக்கூடும். நாட்பெட்யா அதனை அங்கிருந்து எடுத்து, அமைப்பாளர்கள் அன்றாடம் கையாளும் கருவிகளைக் கொண்டே அடுத்த கணினிக்குள் நுழைந்தது. மென்பொருட் குறையைத் திருத்திவைத்திருந்த கணினிகளும் இதனால் வீழ்ந்தன. வந்தது முறையான அதிகாரத்தின் வடிவில் என்பதால் அவை கதவைத் திறந்துவிட்டன.

டென்மார்க்கின் மேர்ஸ்க் குழுமம் பத்து நாட்களில் ஏறத்தாழ 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ நேர்ந்தது. இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் என அது மதிப்பிட்டது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையமும் முடங்கிக் கைம்முறைக்குத் திரும்பியது. குழுமத்தின் பயனர் கணக்குகள் அனைத்தையும் ஆளும் வழங்கிகள் எங்கும் அழிந்துபோக, கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்கு முன்பே அங்கு மின்சாரம் நின்று அது வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது. மின்வெட்டு ஒரு பன்னாட்டு நிறுவனத்தைக் காப்பாற்றியது என்பது தமிழ்நாட்டு வாசகருக்கு வியப்பும் சிறிது ஆறுதலும் தரலாம். காவல்முறை என்று அதனைச் சொல்ல முடியாது.

மும்பைக்கு நேர்ந்தது சென்னைக்கு நேராது எனக் கொள்வதற்கில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் முனையங்கள் இங்கும் உள்ளன. உலகெங்கும் பரவிய ஒரே வலையமைப்பில் ஒரு தலைமைக் கணக்கு எல்லாத் துறைகளையும் திறக்குமாயின், உக்ரைனின் ஒரு கணக்கர் அறைக்கும் இராயபுரத்தின் வாயிலுக்கும் இடையே கடல் இல்லை.

6. கணக்குக் காட்டுதல்

தமிழில் ‘கணக்கு’ என்பது பயனரின் நுழைவுப் பதிவையும் குறிக்கிறது. வரவுசெலவை எழுதி ஒப்படைப்பதையும் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் இவ்விரட்டைப் பொருள் உண்டெனினும் கணினி வழக்கில் அது மங்கிவிட்டது. தமிழில் ‘கணக்குக் காட்டு’ என்பது இன்றும் உயிருள்ள தொடர்.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழப்படுகின்றன. தேர்வு முறையைக் காட்டிலும் அதிகாரம் பெற்றவரைக் கட்டுப்படுத்தும் விதிகளே அவற்றில் ஆழமானவை. வாரியத்தில் இருப்போருக்குக் காலம் முந்நூற்று அறுபது நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய குறிப்பிட்ட உறவினரும் விலக்கப்படுவர். குற்றம் காணப்பட்டவர் உடனே நீக்கப்படுவர். கணக்கு எழுதுபவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். அதை முடிக்க வேறொருவர் புகலாகாது. (சொத்தும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே வாய்த்த பிரமதேயச் சபை அது, அதை மக்களாட்சியின் தொட்டில் எனக் கொண்டாடும் வழக்கம் இவ்வாய்வுக்கு உடன்பாடன்று. கட்டுப்பாட்டின் இலக்கணம் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.)

கடைசி விதி இன்றைய தொழிற்சாலைக்கு நேராகப் பொருந்துகிறது. மூன்று முறைப்பணிகளாக இயங்கும் இடங்களில் ஒரே கணக்கும் ஒரே கடவுச்சொல்லும் முறைப்பணி மாறும்போது கைமாறுவது பொதுவான தீய வழக்கம். ஒப்பந்தப் பணியாளர், பழுதுபார்க்க வரும் கருவி நிறுவனத்தார், பயிற்சி பெறுபவர் யாவரும் ‘அட்மின்’ என்னும் ஒரே பெயரில் நுழைவர். இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆணை மாற்றப்பட்டால் பதிவேடு காட்டுவது ‘அட்மின்’ என்னும் பெயரை, ஆளை அன்று. ஐயம் எழும்போது பழி பெரும்பாலும் வலுவற்ற ஒப்பந்தத் தொழிலாளியின் மேல் விழும். ஆளுக்கொரு கணக்கு என்பது நிறுவனத்தைக் காக்கும் விதியாகவே பேசப்படுகிறது. தான் செய்யாததைச் செய்யவில்லை என மெய்ப்பிக்கத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சான்றும் அதுவே. கோவலனுக்கு அது வாய்க்கவில்லை.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறைகள், இணையப் பாதுகாப்பு நிகழ்வை ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் பேணவும் பணிக்கின்றன. பதிவேட்டில் ஆளின் பெயர் இல்லையெனில் 180 நாள் பேணியும் அதனால் விளைவது சிறிதே.

கருவூலங்களின் இரட்டைப் பூட்டு முறையும் இங்கு நினைக்கத்தக்கது. இரு அலுவலரின் திறவுகோல் இன்றிக் காப்பறை திறவாது. மிக உயர்ந்த கணக்குக்கு ஒருவர் கேட்டு மற்றொருவர் ஒப்புதல் தந்தாலன்றிக் கடவுச்சொல் வெளிவராத ஏற்பாடு அதன் மின்வடிவமே. இதனைச் செய்யும் மென்பொருள்களுள் சில சென்னையிலேயே உருவாகி உலகெங்கும் விற்பனையாகின்றன. சோகோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு வழங்கும் கடவுச்சொற் பெட்டகத்தில் கண்டறியப்பட்ட கடுங்குறை ஒன்று 2022இல் திருத்தப்பெற்றது. தாக்குவோர் அதனைப் பயன்படுத்துவதை அறிந்து அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு செப்டம்பரில் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. எல்லாத் திறவுகோலையும் ஓரிடத்தில் வைத்தால் அவ்விடமே முதல் இலக்காகும். எனவே பெட்டகத்தை நிறுவுவதோடு வேலை முடிவதில்லை; அதனை ஆளும் கணக்குக்கும் காலவரையும் இரட்டைப் பூட்டும் வேண்டும்.

7. ஆளில்லாக் கணக்குகள்

உத்தரமேரூர் விதி எட்டாத ஓரிடம் உள்ளது. பெருநிறுவனங்களில் மனிதருக்குரிய கணக்குகளுடன் நிரல்களுக்குரிய கணக்குகளும் மிகுதி. கிரேனின் கட்டுப்பாட்டுக் கருவி முனைய மென்பொருளோடு பேசவும், எடைமேடை வாயிற்பதிவோடு பேசவும், நள்ளிரவில் தரவுப்படி எடுக்கும் நிரல் எல்லாக் கோப்புகளையும் திறக்கவும் தனித்தனிக் கணக்குகள் உண்டு. அவற்றின் கடவுச்சொல் பல இடங்களில் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்; மாற்றினால் எது நிற்கும் என்று அறிந்தவர் பணியிலிருந்து விலகியிருப்பார்; ஆகவே ஆண்டுக்கணக்கில் எவரும் தொடுவதில்லை. இவை உறங்குவதில்லை, ஓய்வு பெறுவதில்லை, கணக்குக் காட்டுவதுமில்லை.

ஆங்கிலத்தில் இவை ‘சர்வீஸ் அக்கவுண்ட்’ எனப்படும். ‘சேவைக் கணக்கு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வங்கியின் வாடிக்கையாளர் சேவையே தோன்றும். ‘ஆளில்லாக் கணக்கு’ என்பது குறையை உடனே காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும் என்னும் வினாவையும் உடன் எழுப்புகிறது. கலைச்சொல் குழுக்கள் இதனை ஏற்குமா என்பது அடுத்த நிலை. வடசென்னை ஆலைகளிலும் முனையங்களிலும் கருவியறைச் சுவரில் தொங்கும் தமிழ்ப் பாதுகாப்புப் பலகைகள் தலைக்கவசத்தையும் காலணியையும் தீயணைப்பானையும் பேசுகின்றன. அப்பலகைகளில் கணக்கையும் கடவுச்சொல்லையும் பற்றி ஒரு வரி எழுத நேரும்போது எச்சொல்லை எழுதுவது என்னும் இடத்தில்தான் இச்சொற்களின் தகுதி சோதிக்கப்படும்.